டீச்சர் படத்தில் ஒட்டின துணி

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். மற்ற இரண்டும் கடல் கொண்டுபோன என் தங்கச்சியின் பிள்ளைகள். ஆறு பேருக்கும் ஒரே பானையில் சோறு, ஒரே கையால் அடி. அல்ஹம்துலில்லாஹ், ஆறு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள்.

இதைச் சொல்லித் தொடங்குவது பெருமைக்குத்தான். வேறு எதற்கு? ஆறு பேரை வளர்த்த கை எதையும் பழுதாக்காது என்று நான் நம்பியிருந்தேன். ஒரு மாரி காலத்தில் அந்த நம்பிக்கைக்கு நல்ல அடி விழுந்தது. இந்தக் கிழமைப் பத்திரிகைக்கு அந்தக் கதை.

வெள்ளம் வடிந்த காலை. நூதனசாலையின் பெரிய கதவைத் திறக்கிறேன். மாரியில் கதவுப் பலகை ஊதிப்போயிருக்கும். சாவியைத் திருப்பிவிட்டு தோளால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். தள்ளினேன். உள்ளே நனைந்த சுண்ணாம்பு மணம். மூன்று நாள் பூட்டிக் கிடந்த இருட்டு.

மேற்குச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. நான் போட்ட துணி. எடுக்க மறந்துபோன துணி. அது மூடியிருந்தது காரைதீவு மாஸ்டரின் மனைவியுடைய படத்தை.

ஓடிப்போய் துணியின் நுனியைப் பிடித்தேன். ஈரம். மெல்ல இழுத்தேன்.

துணி வரவில்லை.

சாவி என் கையில்

எங்கள் நூதனசாலை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கம், முன்னம் நெல் மூட்டை அடுக்கின கட்டிடம். இப்போது அதில் ஓவியங்கள் தொங்குகின்றன. பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மண்டபம், ஒரு சின்ன அறை, விறாந்தை, வெளியே கிணறு. வெயில் காலத்தில் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் இன்னும் நெல் மணக்கும்.

என் வீட்டுக்காரர் மௌத்தானபிறகு, வீட்டுக்குள்ளே இருக்கிற இத்தாக் காலம் முடித்து, ஒரு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. நூதனசாலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். மூத்த மகனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உம்மா, ஆறு புள்ளைகள் இரிக்க நீங்க கூட்டிப் பெருக்கிற வேலைக்குப் போனா ஊர் என்ன சொல்லும்?"

"நான் பெருக்கப் போகல்ல மகன். திறக்கப் போறன். சாவி என்ட கையில இரிக்கும்."

பெருக்கவும் செய்தேன் என்பது வேறு கதை. ஆனால் சாவி என் இடுப்பில்தான்.

அங்கே பொறுப்பாக இருப்பவர் றிஸ்னா மிஸ். என் இளைய மகளை விட இளையவர். படித்தவர், ஆனால் படித்த மாதிரிக் கதைக்கமாட்டார். என்னை அக்கா முறையில் ராத்தா என்பார். முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, இது இன்னார் வரைந்தது, இது இன்ன இடம் என்று சொல்லித் தந்தார். ஒரு மணித்தியாலம் எடுத்தது. வேலைக்கு வந்தவளுக்கு அப்படி யார் நேரம் செலவழிப்பார்கள்? அல்லாஹ் அவருக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஹஸ்னாதான் எழுதுகிறாள். எழுத்துத் தெரிந்தவர்கள் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் துண்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை வாசித்துவிட்டு, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தத் துண்டால் பிரயோசனம் இல்லை. படத்தைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும், தூசி தட்டத் தட்டப் பார்த்தேன்.

யானைக்குக் கிடைத்த ஏச்சு

எங்கள் இடத்துக்கு வருகிற சனத்தைப் பார்த்தே என்ன காலம் என்று சொல்லிவிடலாம்.

கச்சான் காற்று அடிக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். காற்று ரோட்டு மண்ணையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். நான் ஒரு நாளைக்கு மூன்று முறை தட்டுவேன். பெருநாள் என்றால் புது மாப்பிள்ளையும் பொண்ணும் சோடி சோடியாக வருவார்கள். அவர்கள் ஓவியத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களைப் போனில் எடுத்துக்கொண்டு போவார்கள். போகட்டும், சந்தோஷமாக இருக்கட்டும்.

வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியொரு நாளில் இறக்காமத்திலிருந்து ஒரு வயல்காரக் காக்கா வந்தார். நெல் விற்க கல்முனைக்கு வந்தவர், மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். எங்களிடம் ஒரு காட்டு யானைப் படம் இருக்கிறது. நிலா வெளிச்சத்தில் வயலுக்குள் நிற்கும். பார்த்தவர்கள் எல்லாரும் என்ன வடிவு என்பார்கள். இந்தக் காக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாருங்க ராத்தா, என்ட மூணு ஏக்கரை மிதிச்சவன இவங்க பிறேம் போட்டு வெச்சிரிக்காங்க."

"அது வேற யானையா இரிக்கும் காக்கா."

"எந்த யானையெண்டாலும் ஒரே குடும்பம்தான்."

படத்தைப் பார்த்து நன்றாக ஏசினார். மறுகா கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கீறினவன் வயல் பார்த்தவன்தான். வரம்பு சரியாக் கிடக்கு" என்று சொல்லிப் போனார். படம் வரைந்தவருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்திருக்காது என்று றிஸ்னா மிஸ் சொன்னார்.

யானையிலிருந்து துணிக்கு வருகிறேன்.

மேற்குச் சுவர்

அந்த வருஷம் கச்சான் ஓய்ந்து மாரி பிடிக்கப்போகிற நேரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வரைந்த படங்களைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். காரைதீவிலிருந்து தம்பிராசா மாஸ்டர் ஒரு படம் தந்தார். சித்திரம் படிப்பித்த மாஸ்டர். படத்தில் இருந்தது அவருடைய மனைவி மனோன்மணி டீச்சர். டீச்சர் உயிரோடிருந்த காலத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னம் அவரை இருத்திவைத்து வரைந்தது.

பலகையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தீட்டுகிற தண்ணீர்ச் சாயத்தால் வரைந்தது. கண்ணாடி போடவில்லை. கண்ணாடி போட்டால் பார்க்கிறவனின் முகம்தான் தெரியும் என்றார் மாஸ்டர். கொடுக்கும்போது ஒரு சொல் சொன்னார்:

"தை மாசம் அவட திவசம். பொங்கல் முடியக் கொண்டுபோயிருவன். மாலை போடுறது இந்தப் படத்துக்குத்தான்."

அதைத் தொங்கவிட இடம் கிடைத்தது மேற்குச் சுவரில்.

நான் லுஹரும் அஸரும் அந்த மண்டபத்தில்தான் தொழுவேன். சின்ன அறையில் சாமான். விறாந்தையில் ஆள் நடமாட்டம். மேற்கே பார்த்துத் தக்பீர் கட்டினால் நேர் எதிரே டீச்சர். கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். எங்களுக்கு முன்னால் உருவம் இருக்க வைத்துத் தொழக்கூடாது. படத்தைத் திருப்பவும் ஏலாது, ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள்.

எங்கள் மௌலவியிடம் கேட்டேன். "மூடிட்டுத் தொழுங்க, முடிஞ்சதும் திறந்து விடுங்க" என்றார்.

வீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தேன். தொழுமுன் போடுவேன், தொழுது ஸலாம் கொடுத்ததும் எடுப்பேன். எடுக்கும்போது, "கொஞ்சம் பொறுத்தீங்க டீச்சர், இனி வெளிச்சம்" என்று சொல்வேன். தனியாக இருக்கிறவளுக்கு ஒரு கதை.

இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாளும் பிசகவில்லை.

மார்கழியில் ஒரு நாள் அஸர் தொழுது முடிக்கிற நேரம் போன் அடித்தது. எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் ஏறுகிறது, உடனே வாங்க என்று மருமகள். வெளியே வானம் உடைந்து ஊற்றுகிறது. ஜன்னலைச் சாத்தினேன், கதவைப் பூட்டினேன், ஓடினேன். துணி சுவரில்.

மூன்று நாள் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். ஓட்டு இடுக்கால் ஒழுகின மழை சுவர் வழியே இறங்கித் துணியை நனைத்து, துணி படத்தோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது.

பொய்யில்லாத பொய்

றிஸ்னா மிஸ் வந்து பார்த்தார். இருவருமாகச் சேர்ந்து, காயம்பட்ட பிள்ளையின் புண்கட்டை அவிழ்க்கிற மாதிரித் துணியை எடுத்தோம். முகம் தப்பியிருந்தது. கழுத்துக்குக் கீழே சேலை, கை, மடி எல்லாம் துணியோடு வந்துவிட்டது. பலகையில் ஒரு கலங்கல்தான் மிச்சம்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். எனக்கு வேலை போகும் என்ற பயம் இல்லை. தை மாசம் அந்த மனிசன் எதற்கு மாலை போடுவார்?

மிஸ் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ராத்தா, கூரை ஒழுகிப் போச்செண்டு சொல்லுவம். அது பொய்யில்லத்தானே."

"பொய்யில்ல மிஸ். ஆனா துணிய ஆர் போட்ட?"

"அத அவர் கேட்டாத்தானே."

"கேட்காட்டி நான் சாகிறவரைக்கும் அவரு கேட்காமலே இரிப்பார். அது எனக்குப் பாரம். நான் போறன்."

மிஸ் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். என் கையால் நடந்ததை என் வாயால் சொல்ல வேண்டும்.

காரைதீவில் ஒரு தேத்தண்ணி

மறுநாள் விடிய வெள்ளண பஸ் ஏறினேன். சாய்ந்தமருது கழிந்தால் காரைதீவு, கால் மணித்தியாலப் பயணம்தான். அன்றைக்கு அது முடியவேயில்லை.

மாஸ்டர் வீட்டில் தனியாக இருந்தார். முற்றத்தில் வெள்ளம் விட்டுப்போன சேற்றை வழித்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கை கழுவிவிட்டு வந்து கதிரை போட்டார்.

"இரிங்க தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"முதல்ல கதைச்சிர்றன் மாஸ்டர். கேட்டதுக்குப் பிறகு தேத்தண்ணி தருவீங்களோ தெரியா."

சொன்னேன். போன் வந்தது, ஓடினது, வெள்ளம், ஒழுகினது, எல்லாம். அவர் சுவரில் படம் இல்லாமல் நின்ற ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முகம்?"

"முகத்துக்கு ஒண்டுமில்ல. கழுத்துக்குக் கீழதான்."

மறுகா நான் பயந்த கேள்வி வந்தது.

"எதுக்கு மூடினீங்க?"

மழையைப் பற்றிச் சொல்வது லேசு. உன் மனைவியின் முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை நான் மறைத்தேன் என்று ஒரு மனிசனுக்கு எப்படிச் சொல்வது?

"நான் தொழுறத்துக்கு மாஸ்டர். டீச்சர் மேற்குச் சுவர்ல இரிக்கிறா. தொழக்குள்ள எங்களுக்கு முன்னால உருவம் இரிக்கக்கூடா. வெறுப்பில மூடல்ல. அல்லாஹ் அறிய வெறுப்பில மூடல்ல."

மாஸ்டர் தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்!

"அவவும் அப்பிடித்தான் தங்கச்சி. சாமி கும்பிடக்குள்ள நான் குறுக்கால போனாக் காணும். 'அங்கால தள்ளுங்க, மறைக்காதீங்க' எண்டு பேசுவா. கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து பேச்சுத்தான் எனக்கு."

சிரித்த கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு கோப்பையோடு வந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கோப்பையை என் கையில் வைத்துவிட்டார்.

"ஆறிப்போகும், குடிங்க. திவசத்துக்கு இன்னும் பன்ரெண்டு நாள் கிடக்கு. நாளைக்கு வாறன்."

எந்தப் பச்சை?

வந்தார். சாயப் போத்தல்கள், தூரிகை, துடைக்க ஒரு பழைய கந்தல், மூக்குக்கண்ணாடி இரண்டு. படத்தைக் கழற்றி மண்டபத்து நடுவில் மேசைமேல் சாய்த்து வைத்தோம். தூரிகையைத் தண்ணீரில் தோய்த்தவர் அப்படியே நின்றார்.

"மறந்துபோச்சு" என்றார். "சேலை எப்பிடி உடுத்திருந்தா எண்டு தெரியல்ல. முப்பது வருஷம். வீட்டில ஒவ்வொரு நாளும் பார்த்தன், முகத்தைத்தான் பார்த்திரிக்கன்."

மிஸ் தன் போனைத் தேடினார். திறப்பு விழா அன்று எடுத்த படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பிரதம விருந்தினர் டீச்சருக்கு முன்னால் நிற்கிறார். அவருக்கு நல்ல வயிறு. டீச்சரின் முகம் அவர் தலைக்கு மேலே தெரிகிறது. எங்களுக்கு வேண்டிய இடம் முழுக்க அவருடைய சேட்டு.

"பச்சைச் சேலை மாஸ்டர்" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தப் பச்சை?"

"விதைச்சு ஒரு மாசத்துப் பயிர்ப் பச்சையில்ல. கதிர் வெளிவர முன்னம் குடலை தள்ளுற நேரத்துப் பச்சை. கொஞ்சம் கறுப்புக் கலந்தது."

ஒரு துண்டில் கலந்து காட்டினார். இல்லை என்றேன். திரும்பக் கலந்தார். ஐந்தாவதுக்கு ஓம் என்றேன். மருதமுனையில் சின்ன வயதில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் நான். நிறம் பிசகினால் அடி விழும். அந்தக் கண் எனக்கு இன்னும் போகவில்லை.

கரை என்ன? அரக்கு, இரண்டு விரல் அகலம். எத்தனை மடிப்பு? தோளில் நாலு, நாலாவது சரிந்து கிடந்தது. கை? இடது கைக்கு மேலே வலது கை. கைக்கடிகாரம் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தா. நான் சொல்லச் சொல்ல அவர் தீட்டினார். பிழையென்றால் பிழை என்றேன்.

ஒரு இடத்தில் பிணக்கு வந்தது. கழுத்தில் இரண்டு சங்கிலி என்றேன் நான். ஒன்றுதான் என்றார் அவர்.

"தாலி கட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நீங்க கட்டினீங்க. ரெண்டு மாசமாத் தூசி தட்டினது நான்."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். மாஸ்டர் இரண்டு மூக்குக்கண்ணாடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பலகையைப் பார்த்தார். கலங்கலுக்குள் மஞ்சளாக இரண்டு கோடு இருந்தது.

"ஓம். ரெண்டுதான். மற்றது அவட அம்மாட."

லுஹர் நேரம் வந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மாஸ்டர் பாங்குச் சத்தம் கேட்டதும் எழும்பி, படத்தைத் தூக்கி எனக்குப் பின்னால், கிழக்குச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, விறாந்தையில் போய் இருந்தார். வேலை நடந்த நாலு நாளும் அப்படியே செய்தார். நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

கடைசி நாள். கை முடிந்தது. "இனி என்ன?" என்றார்.

"வலது கைப் பெருவிரல்ல வெள்ளையா ஒரு தடம் மாஸ்டர். முதல் நாள் தூசியெண்டு நினைச்சித் தட்டிப் பார்த்தன். போகல்ல. கரும்பலகையில எழுதுற வெண்கட்டித் தூள் மாதிரி இரிக்கும்."

அவர் தூரிகையை வைத்துவிட்டார்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தவ" என்றார் பிறகு. "உடுப்பு மாத்திட்டு வந்து இரிக்கிறன் எண்டா. வேணாம், அப்பிடியே இரி எண்டன். கை கூடக் கழுவ விடல்ல நான்."

அந்த வெள்ளையை அவர்தான் வைத்தார். ஒரு பொட்டு. அதற்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேற்குச் சுவர், இப்போது

திவசத்துக்கு முதல் நாள் படத்தைக் கொண்டுபோனார். தூறல் இருந்தது. சுற்ற ஒரு துணி இருக்கா என்று கேட்டார். "துணி மட்டும் கேட்காதீங்க" என்றேன். பொலித்தீனில் சுற்றி, முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போனார். ஏறும்போது சொன்னார், துணி இல்லாதிருந்தால் ஓட்டுத் தண்ணீர் நேரே முகத்தில் இறங்கியிருக்கும், துணிதான் குடித்துவிட்டது என்று. அது மெய்யா, என் மனம் ஆறச் சொன்னாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த கிழமை நான் போனபோது மேற்குச் சுவரில் வேறு படம் தொங்கியது. ஒரு குளம், கரையில் ஆளில்லாத ஒரு தோணி. மிஸ் மாற்றியிருக்கிறார். அன்று நான் வழமையை விட நீளமாக, நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்தேன். எனக்கு வாய்த்த மனிசர்களை நினைத்தால் வேறு என்ன செய்ய?

மாஸ்டர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர். இதையும் வாசிப்பார். அதனால்தான் சொல்லி முடித்த இந்த நேரத்தில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. போனேன், நடந்ததைச் சொன்னேன், தேத்தண்ணி குடித்தேன், நாலு நாள் பக்கத்தில் நின்றேன், சண்டையும் பிடித்தேன்.

ஹஸ்னா, என்ட பேத்தி, எழுதினது காணும், நிப்பாட்டு. முதல்ல இருந்து ஒருக்கா வாசி புள்ள, ஆறுதலா வாசி. அந்த மனிசனிட்ட நான் என்னை மன்னியுங்க எண்டு மாப்புக் கேட்ட இடம் எங்க இரிக்கெண்டு எனக்குக் காட்டு. இல்லையெண்டா பேனையை என்னட்டத் தா, அந்த ஒரு சொல்லை நான் எழுதுறன். முதல்ல வாசி.